பழைய அறிவியல் புனைவுகளையும் மிகுபுனைவுகளையும் மீண்டும் கண்டெடுத்துப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய அறிவியல் புனைவு நூலொன்றை ஆர்வத்தோடு கையிலெடுக்கும் பலர் ஐம்பது பக்கத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். நூலுக்கு வயதாகிவிட்டது என்று காரணமும் சொல்கிறார்கள். வாசிப்பு வட்டங்களில் அவர்கள் வைத்திருந்த பிரதிகளை வாங்கிப் புரட்டியபோது பெரும்பாலும் வேறு காரணங்களே தென்பட்டன: வெட்டிச் சுருக்கிய மொழிபெயர்ப்பு, கதையின் முடிவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் முன்னுரை, தொடக்க வாசகருக்குப் பொருந்தாத வரிசை. இம்மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டால் நூறாண்டு பழைய நூலும் தடையின்றி நகரும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பிரதியை வாங்கிய பிறகு அதன் பாடத்தை, அதாவது உள்ளே இருக்கும் உரை எந்த வடிவம் என்பதை, சோதிப்பது காசையும் ஆர்வத்தையும் ஒருசேர இழக்கச் செய்யும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு குறிப்பேடு தேவை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முதலில் வெளிவந்த ஆண்டு, மூல மொழி, மொழிபெயர்ப்பாளர் பெயர், ஆசிரியர் இறந்த ஆண்டு ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து வரும் படிகள் அனைத்தும் இந்த நான்கு செய்திகளைக் கொண்டுதான் நடக்கும்.

இவற்றைத் தேட ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்னும் இணையத் தரவுத்தளம் போதும். அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேன்டஸி) நூல்களின் பதிப்புகள், மாற்றுத் தலைப்புகள், முதலில் வெளியிட்ட இதழ்கள் ஆகியவை அங்கே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒரே நூல் இரு நாடுகளில் இரு தலைப்புகளில் வந்திருப்பது இத்துறையில் அடிக்கடி நடப்பதால், தலைப்பை மட்டும் நம்பித் தேடக்கூடாது. ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி ஸ்டார்ஸ் மை டெஸ்டினேஷன்' பிரிட்டனில் முதலில் 'டைகர்! டைகர்!' என்று வெளிவந்தது. இது தெரியாதவர் இரண்டையும் வாங்கிவிடுவார்.

2. நீண்ட பட்டியலை விட்டு ஒரு தடத்தைப் பிடியுங்கள்

'படித்தே ஆக வேண்டிய நூறு நூல்கள்' என்ற வகைப் பட்டியல்கள் தொடக்க வாசகருக்கு உதவுவதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நடைகளுக்கிடையே தாவும்போது எந்த நடையும் கண்ணுக்குப் பழகாமல் போகிறது. ஒரே தடத்தில் மூன்று நான்கு நூல்களைப் படித்தால், இரண்டாவது நூலிலிருந்தே வேகம் கூடிவிடும்.

எனக்குத் தெரிந்தவரை முதல் தடமாக ஹெச். ஜி. வெல்ஸைவிட ஏற்றவர் இல்லை. 'தி டைம் மெஷின்' (1895), 'தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ' (1896), 'தி இன்விசிபிள் மேன்' (1897), 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) ஆகியவை ஆண்டுக்கொன்றாக வந்தவை, அளவில் சிறியவை, மூலமே ஆங்கிலம் என்பதால் மொழிபெயர்ப்புச் சிக்கலும் இல்லை.

மிகுபுனைவை விரும்புவோர் டோல்கீனுக்கு முந்தைய தடத்தை எடுக்கலாம்: லார்ட் டன்சனி, பிறகு ஹோப் மிர்லீஸின் 'லட்-இன்-தி-மிஸ்ட்' (1926), இறுதியில் ஈ. ஆர். எடிசனின் 'தி வெர்ம் ஊரோபோராஸ்' (1922). வெளிவந்த ஆண்டின்படி எடிசன் முன்னால் வர வேண்டும். நடையின் கடுமை கருதியே அவரைக் கடைசியில் வைக்கிறேன்.

கிழக்கு ஐரோப்பியத் தடம் மூன்றாவது. சம்யாத்தின், காரல் சாப்பெக், ஸ்டானிஸ்வாஃப் லெம், ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்கள் என்று நீளும் இந்தத் தடத்தில் அடுத்த படி மிகவும் இன்றியமையாதது.

3. பாடத்தை உறுதிசெய்யுங்கள்

நம் பழைய இலக்கியங்களுக்குப் பாடபேதம் பார்ப்பதுபோல் இந்த நூல்களுக்கும் பார்க்க வேண்டும். தொடக்க வாசகர்கள் தவறாமல் தாண்டிச் செல்லும் படியும் இதுதான். ஒரே அட்டைப்படம், ஒரே தலைப்பு, உள்ளே வேறு நூல் என்ற நிலை இத்துறையில் சர்வசாதாரணம்.

ஜூல்ஸ் வெர்ன்தான் இதில் மிகவும் பாதிக்கப்பட்டவர். கடலடிப் பயண நாவலான 'ட்வென்ட்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீஸ்' ஆங்கிலத்தில் முதலில் லூயிஸ் மெர்சியரின் மொழிபெயர்ப்பில் 1870களில் வந்தது. மூலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதில் விடுபட்டிருக்கிறது. அறிவியல் விளக்கங்கள் பல நீக்கப்பட்டன, எஞ்சியவற்றில் பிழைகள் மலிந்தன. வெர்ன் சிறுவர்களுக்கு மட்டுமே எழுதியவர் என்ற எண்ணம் ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களிடம் வேரூன்றியதற்கு இத்தகைய பாடங்களுக்குப் பெரிய பங்குண்டு. இந்தப் பாடம் இன்றும் மலிவுப் பதிப்புகளில் அச்சாகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் பேராசிரியர் அரோனாக்ஸ் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து திரும்புகிறார். 'பேட்லண்ட்ஸ்' என்ற நிலப்பகுதியின் பெயர் அங்கே வந்தால் நல்ல பாடம். நெப்ராஸ்காவை 'விரும்பத்தகாத பிரதேசம்' என்று பொருள்பட எழுதியிருந்தால் அது மெர்சியர். எஃப். பி. வால்ட்டர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பு புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மெர்சியரின் பாடமும் அதே தளத்தில் இருப்பதால், பதிவிறக்கும் முன் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள்.

பூமியின் மையத்துக்குச் செல்லும் பயண நாவலில் சோதனை இன்னும் எளிது. வெர்ன் வைத்த பெயர்கள் லிடன்பிராக், ஆக்செல். 1871ஆம் ஆண்டின் ஆங்கிலப் பாடம் அவற்றை ஹார்ட்விக், ஹாரி என்று மாற்றியதோடு தொடக்கப் பக்கங்களையும் தன் போக்கில் திருத்தி எழுதியது. முதல் பக்கத்தில் ஹார்ட்விக் என்ற பெயரைக் கண்டால் அந்தப் பிரதியை மூடிவிடுங்கள்.

'தி மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில் நடந்தது இந்திய வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புடையது. கேப்டன் நீமோ யார் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்: அவர் புந்தேல்கண்டின் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உடன்பிறந்தார் மகன் என்று வெர்ன் சொல்கிறார், 1857 கிளர்ச்சியில் பங்கேற்றவர். கிங்ஸ்டன் பெயரில் 1875இல் வந்த ஆங்கிலப் பாடம், கிளர்ச்சியைப் பற்றிய அந்தப் பகுதியை ஆங்கில ஆட்சிக்குச் சாதகமாகத் திருத்தி எழுதிவிட்டது. நேர்மையற்ற இளவரசர்கள் மக்களைத் தூண்டிவிட்டதாக அதில் வருகிறது. பொறியாளரின் பெயர் சைரஸ் ஸ்மித் என்று இருந்தால் நல்ல அறிகுறி. சைரஸ் ஹார்டிங் என்று இருந்தால் அது கிங்ஸ்டன் பாடம். 2001இல் ஜோர்டன் ஸ்டம்ப் செய்த மொழிபெயர்ப்பும், அதே ஆண்டு சிட்னி கிராவிட்ஸ் செய்த மொழிபெயர்ப்பும் முழுமையானவை.

லெமின் 'சோலாரிஸ்' (1961) போலிஷ் மொழி நாவல். 1970இல் வந்த ஆங்கிலப் பாடம் போலிஷிலிருந்து நேரே வரவில்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது. ஹாரி என்று ஒலிக்கும் பெண்ணின் பெயர் அதில் ரேயா ஆகியது, ஸ்னாவுட் ஸ்னோ ஆனார். பில் ஜான்ஸ்டன் 2011இல் நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு ஒலிநூலாகவும் மின்னூலாகவும் வந்தது. அதைத் தேடிப் படியுங்கள். ஸ்த்ருகாத்ஸ்கிகளின் 'ரோட்சைட் பிக்னிக்' நாவலுக்கும் 2012இல் ஓலெனா போர்மஷென்கோ செய்த மொழிபெயர்ப்பையே பரிந்துரைப்பேன்.

மொழிபெயர்ப்பு இல்லாத நூல்களிலும் பாடபேதம் உண்டு, ஏனெனில் ஆசிரியர்களே திருத்தி எழுதியிருக்கிறார்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818, 1831 என இரு பாடங்கள் கொண்டது. எலிசபெத் என்ற பாத்திரம் நாயகன் விக்டரின் அத்தை மகளாக இருந்தால் 1818. குடும்பம் எடுத்து வளர்த்த பெண்ணாக இருந்தால் 1831. முதல் வாசிப்புக்கு 1818ஐ எடுங்கள். பின்னதில் விக்டர் தன் செயல்களுக்கு விதியை அதிகம் காரணம் காட்டுவதால், அவர் பொறுப்பு பற்றிய கேள்வியின் கூர்மை குறைகிறது. வெல்ஸின் 'தி கன்ட்ரி ஆஃப் தி பிளைண்ட்' சிறுகதைக்கு 1904, 1939 என இரு வேறு முடிவுகள் உள்ளன. ஆர்தர் சி. கிளார்க்கின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' (1953) நாவலுக்கு 1990இல் புதிய தொடக்கம் எழுதப்பட்டது. நிலவுப் பயணம் நடந்து முடிந்துவிட்ட உலகுக்கு ஏற்ப அவர் செய்த மாற்றம் அது. பழைய தொடக்கமே நாவலின் பிற பகுதிகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

பழைய புத்தகக் கடையில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 1950களின் மெல்லட்டைப் பதிப்புகள் பக்க எண்ணிக்கைக்காகச் சுருக்கப்படுவதுண்டு. அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1955இல் 'தி 1,000-இயர் பிளான்' என்ற தலைப்பில் சுருக்கமாக வந்தது. சேகரிப்போருக்கு அது நல்ல பிரதி, படிப்போருக்கு அன்று.

4. சட்டப்படி பிரதியைப் பெறுங்கள்

பாடத்தை முடிவுசெய்த பிறகே பிரதியைத் தேட வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது 70 ஆண்டுகள், மலேசியாவில் 50.

புராஜெக்ட் குட்டன்பெர்க் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. இதனால் இருபுறமும் குழப்பம் வரும். 1926இல் வந்த 'லட்-இன்-தி-மிஸ்ட்' அமெரிக்காவில் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியது. ஆனால் மிர்லீஸ் 1978இல்தான் இறந்தார் என்பதால் இந்தியாவில் இன்னும் உரிமைக்குட்பட்டது. மாறாக, 1963இல் இறந்த சி. எஸ். லூயிஸின் 'அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்' (1938) 2024 முதல் இந்தியாவில் பொதுவுடைமை. அமெரிக்காவில் இன்னும் இல்லை.

மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெர்ன் 1905இல் இறந்தவர் என்பதற்காக 2001ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு இலவசம் ஆகிவிடாது.

இணையக் கடைகளில் அச்சிட்ட நூல் வாங்கும்போது, உரிமைப் பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரும் மூலப் பதிப்பின் ஆண்டும் இல்லாத நூலை வாங்க வேண்டாம். அவை பெரும்பாலும் இணையத்தில் இலவசமாக இருக்கும் பழைய பாடத்தை அப்படியே எடுத்து அச்சிட்டவை.

5. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்

செவ்வியல் பதிப்புகளின் முன்னுரைகள், வாசகர் நூலை ஏற்கெனவே படித்திருப்பார் என்று எண்ணியே எழுதப்படுகின்றன. மர்மமே உயிராக உள்ள நாவலில் இது பெரும் கேடு. அடிக்குறிப்புகளையும் முதல் வாசிப்பில் தவிர்க்கலாம். பின்னட்டையையும் பார்க்காமலிருப்பது நல்லது. ஷெல்லி 1831இல் எழுதிய ஆசிரியர் முன்னுரைக்கும் இதே விதிதான்.

6. சிறிய கதையில் தொடங்குங்கள்

பழைய உரைநடைக்குக் கண் பழக ஒரு மாலை போதும், ஆனால் அந்த மாலையில் ஒரு முழுக் கதை முடிந்திருக்க வேண்டும். முடித்த நிறைவு இல்லாமல் அடுத்த நாள் அந்த நடைக்குத் திரும்புவது கடினம்.

முதல் கதையாக ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' (1909) கதையைத் தருவேன். நிலத்தடியில் தேன்கூட்டு அறை போன்ற ஓர் அறுகோண அறையில் வாழும் வாஷ்டி, திரையின் வழியாகவே மகன் கூனோவோடு பேசுகிறாள்; நேரில் வரச் சொல்லி அவன் மன்றாடுகிறான். இதில் பழகுவதற்கே எதுவும் தேவைப்படாது.

அடுத்தது பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாஸ் ட்ரீம்'. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இந்தக் கதை 1905இல் சென்னையிலிருந்து வந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் முதலில் வெளியானது. பெண்கள் ஆட்சி நடத்த, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் நாட்டில் சூரிய வெப்பத்தால் சமையல் நடக்கிறது. மக்கள் வானூர்தியில் செல்கிறார்கள். சில பக்கங்களே கொண்ட கதை என்பதால் ஒரே அமர்வில் இருமுறை படிக்கலாம்.

மிகுபுனைவுத் தடத்தில் செல்வோர் டன்சனியின் 'ஐடில் டேஸ் ஆன் தி யான்' கதையை எடுத்து, முதல் இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படியுங்கள். அவருடைய வாக்கியங்கள் காதுக்காக எழுதப்பட்டவை. கண் வேகமாக ஓடினால் பொருளும் நழுவிவிடும்.

7. ஒட்டுத் தொகுப்பு நாவல்களைப் பகுதி பகுதியாகப் படியுங்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த பல நூல்கள், இதழ்களில் தனித்தனிக் கதைகளாக வந்தவற்றை ஒட்டி நாவலாக்கியவை. 'ஃபவுண்டேஷன்' (1951) அப்படிப்பட்டது. அதன் முதல் பகுதி நூலுக்கென்று புதிதாக எழுதப்பட்டது, மற்ற நான்கும் 1942 முதல் 1944 வரை இதழில் வந்தவை. ஒரு பகுதியில் நாம் நெருங்கிப் பழகிய மனிதர் அடுத்த பகுதியில் வரலாற்றுப் பெயராகிவிடுகிறார். நாவல் என்று எண்ணிப் படிப்போர் இங்கேதான் ஏமாற்றம் அடைகிறார்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். வால்ட்டர் எம். மில்லரின் 'எ கான்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' (1959) நூலுக்கு இந்த இடைவெளி இன்னும் தேவை, ஏனெனில் அதன் மூன்று பகுதிகளுக்கிடையே ஏறத்தாழ 600 ஆண்டுகள் வீதம் கடந்துவிடுகின்றன.

தொடர்வரிசைகளை வெளிவந்த வரிசையிலேயே படியுங்கள். கதைக்குள் நடக்கும் கால வரிசையில் வேண்டாம். 1988இலும் 1993இலும் வெளிவந்த அசிமோவின் முன்கதைகள், முந்தைய நூல்களை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை.

8. கடினமான நூல்களுக்குத் தனி நுழைவாயில் உண்டு

ஓலஃப் ஸ்டேபிள்டனின் 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' (1930) இருநூறு கோடி ஆண்டுகளையும் பதினெட்டு மனித இனங்களையும் பற்றிப் பேசுகிறது. நாயகன் கிடையாது, உரையாடலும் இல்லாததற்குச் சமம். முதல் நான்கு அத்தியாயங்கள் ஆசிரியரின் காலத்துக்கு அருகிலிருந்த அரசியலைக் கணித்து எழுதியவை என்பதால் அவையே மிகவும் பழமைப்பட்டுவிட்டன. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, நூலை முடித்த பிறகு அவற்றுக்குத் திரும்புங்கள். ஒரு நூலை இடையில் தொடங்கச் சொல்ல எனக்குப் பொதுவாக மனம் வராது; இந்த நூலுக்கு மட்டும் தயங்காமல் சொல்வேன், ஏனெனில் பின்பகுதியின் வீச்சைக் காணாமலே நின்றுவிட்டவர்கள் ஏராளம்.

எடிசனின் நூலில் லெஸ்ஸிங்ஹாம் என்பவர் புதன் கோளுக்குச் செல்வதாகக் கதை தொடங்கும். சில அத்தியாயங்களுக்குள்ளேயே அவர் கதையிலிருந்து மறைந்துவிடுவார். அவர் திரும்பி வருவார் என்று காத்திருக்க வேண்டாம். கதை டெமன்லாந்து, விட்ச்லாந்து ஆகிய இரு நாடுகளின் போரைப் பற்றியது. பழங்கால ஆங்கிலம் கடினமாக இருந்தால் லிப்ரிவாக்ஸ் போன்ற ஒலிநூல் தளங்களில் தேடிப் பாருங்கள். கேட்டுக்கொண்டே கண்ணால் தொடர்ந்தால் வாக்கியங்களின் எழுவாயும் பயனிலையும் தாமே பிரிந்து தெரியும்.

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனைப் படிக்க விரும்புவோர் 'தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்' (1908) நூலில் தொடங்குங்கள். 'தி நைட் லேண்ட்' (1912) நீளத்தாலும் செயற்கையான பழைய நடையாலும் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

9. அந்தக் காலத்தின் பார்வையைத் தாண்டிச் செல்லாமல் நின்று படியுங்கள்

பேரரசுக் காலத்து நூல்களில் இன, நிற வெறுப்பு வெளிப்படும் இடங்கள் உண்டு. அவற்றைக் கண்டதும் நூலைத் தூக்கி எறிவதும், கண்டும் காணாமல் கடப்பதும் வாசிப்புக்கு உதவாது. அந்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதி, பேசுவது கதாபாத்திரமா ஆசிரியரா என்று கேளுங்கள்.

'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' முதல் அத்தியாயத்தில், செவ்வாய்வாசிகளைக் குறைசொல்லும் முன் நாம் செய்ததை நினைக்க வேண்டும் என்று கதைசொல்லி கூறுகிறார். ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பது ஆண்டுகளில் தாஸ்மானியர்களை அழித்தொழித்ததை எடுத்துக்காட்டுகிறார். லண்டன் வாசகரை அடிமைப்பட்ட மக்களின் இடத்தில் நிறுத்தும் பத்தி அது. ஆனால் அதே வாக்கியம் தாஸ்மானியர்களை மனிதச் சாயல் கொண்டவர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. அவர்கள் முற்றாக அழிந்ததாகவும் கருதுகிறது, அவர்களுடைய வழித்தோன்றல்களோ இன்றும் வாழ்கிறார்கள். கண்டனமும் குருட்டுத்தனமும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டவர் மீதி நாவலை வெறும் படையெடுப்புக் கதையாகவே படிப்பார்.

10. அடுத்த நூலைப் பதில்களின் வழியாகத் தேர்ந்தெடுங்கள்

முதல் தடம் முடிந்த பிறகு அடுத்தது என்ன என்று பட்டியலுக்குத் திரும்ப வேண்டாம். இந்தத் துறையின் எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதியவர்கள். கேள்வியும் பதிலுமாக இரண்டிரண்டு நூல்களை அடுத்தடுத்துப் படித்தால், தனியாகப் படிக்கும்போது புலப்படாத வாதங்கள் தெரியும்.

வெல்ஸ் கனவு கண்ட எதிர்காலச் சொர்க்கங்களுள் ஒன்றுக்கு மறுப்பாகவே 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' கதையை எழுதியதாக ஃபார்ஸ்டர் கூறியிருக்கிறார். ஆகவே வெல்ஸின் 'எ மாடர்ன் யுடோபியா' (1905) நூலைப் படித்துவிட்டு அந்தக் கதைக்குத் திரும்பலாம். 'தி ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்' (1901) முடித்த கையோடு லூயிஸின் 'அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்' நூலை எடுங்கள். வெல்ஸுக்குத் தான் பட்டிருக்கும் கடனை லூயிஸ் நூலின் முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறார். சம்யாத்தினின் 'வீ' நாவலை ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் மதிப்புரை செய்தார், அவருடைய '1984' மூன்று ஆண்டுகளில் வந்தது. இவற்றில் 'வீ' முதலில் வர வேண்டும். பின்னதை முதலில் படித்தவர்கள் முன்னதை முன்மாதிரியாக மட்டும் பார்த்து, அதன் கணித நகைச்சுவையைத் தவறவிடுகிறார்கள்.

ஸ்டேபிள்டனை முடித்தவருக்குக் கிளார்க் காத்திருக்கிறார். 'லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்' தன்னை ஆழமாகப் பாதித்த நூல் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். முதலில் 'அகெய்ன்ஸ்ட் தி ஃபால் ஆஃப் நைட்', பிறகு அதையே அவர் திருத்தி விரித்து எழுதிய 'தி சிட்டி அண்ட் தி ஸ்டார்ஸ்' (1956), அதன்பின் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' என்ற வரிசை நன்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலை நான்காவதாக வையுங்கள்: அதில் வரும் ஸ்ரீகந்தாவும் யக்ககலாவும் சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் ஒட்டி எழுதப்பட்டவை, தப்ரபேன் என்னும் தீவை மட்டும் கிளார்க் தம் கதையின் தேவைக்காக நிலநடுக்கோட்டை நோக்கி நகர்த்தியிருக்கிறார். விண்வெளிக்குச் செல்லும் கோபுரத்தை நிலநடுக்கோட்டில்தான் நிறுவ வேண்டும் என்ற பொறியியல் காரணத்தை முதல் பகுதியிலேயே கவனித்துக்கொண்டால், மலைமேல் உள்ள மடத்தோடு பொறியாளருக்கு ஏற்படும் மோதல் ஏன் தவிர்க்க முடியாதது என்பது விளங்கும்.